பயோடீசலில் ஓடும் பூங்கா நீராவி இஞ்சின்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கலிபோர்னியாவின் தென்பகுதியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் இஞ்சின் கொட்டகையில் ஃபிட்டராக வேலை பார்த்தபோது, ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையவை மூன்றடி அகலப் பாதையில் ஓடும் சிறிய இஞ்சின்கள். இஞ்சினுக்குப் பின்னால் இணைந்து வரும் டெண்டர் வண்டியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். நீராவியால் எண்ணெயைத் தூவி எரிக்கும் பர்னர் உலைக்குள் இருக்கும். 1955 முதல் ஓடிவரும் டிஸ்னிலேண்ட் ரயிலிலும் இதே அகலம்தான். அங்கே 2009இல் பூங்காவின் சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலுக்கு மாறினார்கள். அதன்பின் இந்த எரிபொருளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமானார்கள்.

பர்னரின் மேல் சுமத்தப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி தொட்டியில்தான் பிறக்கிறது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கண்ணாடி ஜாடியை எடுங்கள். தொட்டியின் அடிவால்விலிருந்து ஒரு ஜாடி, பர்னருக்கு முன்னால் உள்ள வடிகட்டியிலிருந்து ஒரு ஜாடி. பத்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு, ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் எரிபொருள் பெரும்பாலும் நலம். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இதுவே முதல் சோதனை. ஒவ்வொரு இடத்திலும் மறுபடி சொல்லப் போவதில்லை.

## அறிகுறி 1: காலையில் பற்ற மறுக்கிறது

ஜாடி தெளிவாக இருக்கிறது, ஆனாலும் பற்றவில்லை

பயோடீசலின் தீப்பற்றும் வெப்பநிலை சாதாரண டீசலைவிட மிக உயரம். தரவிதிப்படி அது 93 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. நல்ல சரக்கில் 130ஐத் தாண்டும். கையாளுவதற்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் குளிர்ந்த உலையில் சிறு தீப்பொறிக்கு அது மசியாது. எண்ணெய் தோய்த்த பருத்திக் கழிவைக் கொளுத்தி, பர்னரின் வாய்க்கு நேர் முன்னால், நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும் நிலையில் வைத்த பிறகே எண்ணெய் வால்வைத் தொடுங்கள்.

அதிலும் பற்றாவிட்டால் தூவலைப் பாருங்கள். கொதிகலனில் இன்னும் நீராவி இல்லாததால் காலையில் பட்டறையின் அழுத்தக் காற்றைக் கொண்டே தூவுகிறோம். அந்தக் குழாயில் இரவு முழுவதும் தேங்கிய தண்ணீர் முதலில் வந்து தீயை நனைத்துவிடும். இணைக்கும் முன் காற்றுக் குழாயை வெளியே திறந்து ஊதவிடுங்கள்.

ஜாடி மங்கலாக இருக்கிறது

ஜாடியை வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 40 டிகிரியில், கால்மணி நேரம் வையுங்கள். தெளிந்தால் மங்கலுக்குக் காரணம் மெழுகு. தெளியாவிட்டால் தண்ணீர் அல்லது சோப்பு. தண்ணீராக இருந்தால் அறிகுறி 2க்குப் போங்கள்.

சோயா எண்ணெயில் செய்த பயோடீசல் ஏறத்தாழ 0 டிகிரியில்தான் மங்கத் தொடங்கும். பாமாயிலோ மாட்டுக் கொழுப்போ கலந்த பொரித்த எண்ணெயில் செய்தது 10 டிகிரிக்கு மேலேயே மெழுகு கட்டும். தென் கலிபோர்னியாவின் டிசம்பர் இரவுக்கு அது தாங்காது. தொட்டியை 20, 25 டிகிரிக்கு மெல்லச் சூடாக்கினால் போதும். குளிர்காலத்துக்குச் சப்ளையரிடம் மங்கும் வெப்பநிலையை எழுத்தில் கேளுங்கள். கூடுதல் டீசல் கலந்த எரிபொருளை வாங்குவதும் உதவும்.

உலை எண்ணெயில் பழகியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு இஞ்சின்கள் சிலவற்றில் நிலக்கரிக்குப் பதிலாக உலை எண்ணெயை எரித்ததை அறிந்தவர்களுக்குத் தெரியும்: அந்த எண்ணெயைச் சூடேற்றாமல் நகர்த்தவே முடியாது. அந்தக் கைப்பழக்கத்தில் பயோடீசலையும் இரவெல்லாம் நீராவிச் சுருளால் (தொட்டிக்குள் நீராவி ஓடி எண்ணெயைச் சூடாக்கும் சுருள் குழாய்) கொதிக்க வைத்தால், அது காற்றோடு சேர்ந்து கெட்டுப் பிசினாகும்.

## அறிகுறி 2: ஓடும்போது தீ "பட், பட்" என்று வெட்டி வெட்டி எரிகிறது, அல்லது அணைந்துவிடுகிறது

முதலில் உயிர் காக்கும் விஷயம். தீ அணைந்துவிட்டால் எண்ணெய் வால்வை உடனே மூடுங்கள். உலைக்குள் பதித்த சூடான செங்கல்லின் மேல் எண்ணெயை விட்டு "தானாகப் பற்றிக்கொள்ளும்" என்று காத்திருக்கக் கூடாது. புளோயரையும் (புகைபோக்கியில் நீராவியைப் பீய்ச்சி இழுப்பு உண்டாக்குவது) டேம்பரையும் (உலைக்குள் காற்றை விடும் கதவு) திறந்து, உலையில் தேங்கிய ஆவி முழுவதும் புகைபோக்கி வழியாகப் போகும்வரை பொறுத்திருங்கள். பிறகு பக்கவாட்டில் நின்றுகொண்டு, எரியும் கழிவால் முறைப்படி பற்றவையுங்கள். இதில் அவசரப்பட்ட ஒருவரின் புருவமும் கையும் வெந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரயில் தாமதமாகட்டும், பயணிகள் காத்திருப்பார்கள்.

இனி காரணங்கள், எளியதிலிருந்து.

தொட்டியின் காற்றுத் துளை அடைப்பு. தீ மெல்ல மெல்லச் சுருங்கி அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள். தொட்டி மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் உறுதி. கம்பியால் துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது.

வடிகட்டி பாதி அடைப்பு. அறிகுறி 3ஐப் பாருங்கள்.

எண்ணெயில் தண்ணீர். தீ சுருங்காமல் திடீரென வெட்டி, உடனே மீண்டும் எரிந்தால் இதுதான். பயோடீசல் சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்ததும் கரைந்திருந்த தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கும். ஒரு சூடான கரண்டியில் சில துளிகளை விட்டுப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உலர்ந்த எண்ணெய் சத்தமில்லாமல் கிடக்கும். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பதுபோல் படபடக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை இந்த வரிசையில் தேடுங்கள்: வந்து இறங்கிய சரக்கிலேயே இருந்ததா, இஞ்சினைக் கழுவும்போது மூடி வழியாக இறங்கியதா, பாதி காலியான தொட்டியில் இரவுப் பனி உள்சுவரில் வியர்த்ததா. கடைசியாக, நீராவிச் சுருள்.

அந்தக் கடைசி இடம்வரை நான் தேடிப் போகாததால் மூன்று வாரங்களை இழந்தேன். ஓர் இஞ்சின் தினமும் மதியத்துக்கு மேல் தீயை வெட்டியது. பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். செங்கற்களை மாற்றினோம். எண்ணெய் வால்வைப் புதிதாகப் போட்டோம். காலையில் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடித்தால் மதியம்வரை ஒழுங்காக ஓடும், மறுபடி வெட்டும். பழைய கனத்த எண்ணெய்க் காலத்துச் செம்புச் சுருள் தொட்டிக்குள் அப்படியே இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை, வால்வு மூடித்தான் இருந்தது. ஆனால் மூடிய வால்வு உள்ளே கசிந்தது, சுருளில் ஊசித் துளை விழுந்திருந்தது. நீராவி நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகித் தொட்டியில் சேர்ந்திருக்கிறது. குளிர்ந்த இரவில் சுருளுக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெயை உள்ளே இழுத்ததுதான் அதைக் காட்டிக்கொடுத்தது: சுருளின் வடிகால் முனையில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

ஆகவே சுருளின் வடிகாலை ஒரு வெள்ளைத் தாளின் மேல் திறந்து பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் சுருள் ஓட்டை. தெரியாவிட்டாலும், பயன்படாத சுருளின் நீராவி இணைப்பைக் கழற்றித் தகடு போட்டு மூடிவிடுங்கள். கொதிகலன் பக்கத்து இணைப்பில் கை வைக்க வேண்டியிருந்தால், கொதிகலன் முழுதும் ஆறி அழுத்தம் பூஜ்யமான பிறகே செய்ய வேண்டும். அந்த வேலை கொதிகலன் உரிமம் பெற்றவருடையது.

செம்பை அகற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், தகரம், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் பயோடீசல் கெடுவதை வேகப்படுத்தும். நீராவி இஞ்சினில் மின்னும் பித்தளைக்கும் செம்புக்கும் குறைவில்லை. அந்த அழகு எண்ணெய் செல்லும் பாதையில் மட்டும் வேண்டாம். அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது கார்பன் எஃகுக் குழாய் போடுங்கள்.

## அறிகுறி 3: வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது

வடிகட்டியை மாற்றி எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் படிந்தது என்ன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வழி அங்கிருந்தே பிரிகிறது.

கருமையான துகள், துருப்பொடி. புதிதாகப் பயோடீசலுக்கு மாறிய தொட்டியில் இது இயல்பு. பயோடீசல் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாகச் சுவரில் படிந்த பழைய எண்ணெய்க் கசடை அது உரித்துக்கொண்டு வரும். மாறும் முன்பே தொட்டியைத் திறந்து கழுவியிருந்தால் இந்தத் தொல்லை வராது. கழுவாமல் மாறியவர்கள் முதல் சில நிரப்பல்களுக்கு இஞ்சினில் உபரி வடிகட்டிகளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மாதங்கள் கழிந்தும் ஓயாவிட்டால் தொட்டியே துருப்பிடிக்கிறது என்று பொருள்.

கரிய, வழவழப்பான பாசி, கெட்ட வாடை. நுண்ணுயிர். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில்தான் அவை வாழும். முதலில் தண்ணீரை முழுதும் வடியுங்கள். அதன்பிறகே எரிபொருளுக்கான கிருமிநாசினி. தண்ணீரை வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் ஊற்றுவது வீண்செலவு.

வெள்ளை அல்லது மஞ்சள் மெழுகு, வெயிலில் வைத்தால் உருகுகிறது. குளிர். அறிகுறி 1இல் சொன்னதுதான்.

ஜெல்லி போன்றது, உருகவில்லை. சோப்பு அல்லது கிளிசரின். அதாவது தயாரிப்பிலேயே குறை. இரண்டு சோதனைகள் போதும். பாதி எண்ணெயும் பாதித் தண்ணீருமாக ஒரு புட்டியில் அரை நிமிடம் பலமாகக் குலுக்கி வையுங்கள். நல்ல சரக்கு அரைமணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்; சோப்பு இருந்தால் மோர்போல் கலந்தே கிடக்கும். அடுத்து 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி எண்ணெயை விட்டு, அறை வெப்பத்தில் குலுக்குங்கள். முழுதும் கரைந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளி நின்றால் பயோடீசலாக மாறாத எண்ணெய் அதில் மிச்சமிருக்கிறது. மெத்தனால் நஞ்சு, எளிதில் பற்றும். திறந்த வெளியில், கையுறையோடு, இஞ்சினிலிருந்து எட்டிச் செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் தோற்ற சரக்கை எரித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். மாதிரியை முத்திரையிட்டு, பயோடீசலுக்கான அமெரிக்கத் தரவிதியான ஏஎஸ்டிஎம் டி6751 தரத்துக்குச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அமில எண் 0.50க்கு மேலோ, தண்ணீரும் கசடும் 0.05 சதவீதத்துக்கு மேலோ வந்தால் சரக்கு அந்தத் தரத்தில் இல்லை என்று பொருள். ஆய்வகக் கட்டணம் ஒரு நாள் ரயில் நிற்பதால் வரும் நட்டத்தைவிடக் குறைவு.

பிசின், வார்னிஷ் போன்ற ஒட்டல். எரிபொருள் பழசு. ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பருவத்துக்கு மட்டும் ஓடும் பூங்காவாக இருந்தால், மூடும் வாரத்தில் தொட்டி காலியாகும்படி வாங்குங்கள்.

## அறிகுறி 4: கரும்புகை

பயணிகள் படமெடுக்கும் நிலையத்தில் கரும்புகை விடுவது பூங்கா நிர்வாகத்தின் கோபத்தை முதலில் கிளப்பும். பெரும்பாலும் இது இஞ்சினின் தீயைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனின் கையில் தீரும்.

பயோடீசல் மெல்லிய எண்ணெய். கனத்த எண்ணெய்க்காகச் செய்த வால்வைக் கால் திருகு திறந்தாலே ஆறாகப் பாயும். முன்பு அரைத் திருகு திறந்த இடத்தில் இப்போது மயிரிழை போதும். கை எத்தனை பழகினாலும் வால்வு ஒத்துழைக்காவிட்டால், ஊசிமுனை வால்வு ஒன்றைப் போடுங்கள். எங்கள் கொட்டகையில் செய்த மாற்றங்களில் செலவு குறைந்து பயன் மிகுந்தது இதுதான்.

அடுத்தது ஓட்டுநருக்கும் ஃபயர்மேனுக்கும் உள்ள ஒத்திசைவு. ஓட்டுநர் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவியை விடும் வால்வு) மூடியதும் புகைபோக்கியின் இழுப்பு சட்டென்று விழும். தீ அதே அளவில் இருந்தால் கரும்புகைதான். தீயைக் குறைத்த பிறகே ரெகுலேட்டரை மூட வேண்டும்; கிளம்பும்போது இழுப்பு வந்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும். டிஸ்னிலேண்டில் சுமார் 1.9 கிலோமீட்டர் சுற்றுக்குள் 4 நிலையங்கள். இப்படிச் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வேலையில், இருவரும் கண்ணால் பேசிக்கொள்ளாவிட்டால் நாள் முழுவதும் புகை.

கை சரியாக இருந்தும் புகைந்தால் வண்டியை நிறுத்தி, உலை ஆறியதும் உள்ளே பாருங்கள்: பர்னர் உதட்டில் கரி கட்டியிருக்கிறதா, பர்னர் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா, செங்கல் உடைந்து தீயின் பாதையில் விழுந்திருக்கிறதா. கரியை மரத்துண்டால் சுரண்டுங்கள். எஃகு உளி உதட்டின் விளிம்பைக் காயப்படுத்தும், பிறகு தூவல் என்றைக்கும் நேராக வராது. தீச்செங்கல் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய கட்டம் செங்கல் உடைந்ததிலிருந்து தொடங்குகிறது.

## அறிகுறி 5: வெள்ளைப் புகை, கண்ணெரிச்சல்

பயோடீசல் நன்றாக எரியும்போது வறுத்த உருளைக்கிழங்கின் மணம் லேசாக வரும். அந்த மணம் மாறி, கண்ணைக் கரிக்கும் காட்டம் வந்தால் எரியாத எண்ணெய் ஆவியாக வெளியேறுகிறது. நிலையத்தில் சிறு தீயில் நிற்கும்போது தூவும் நீராவி அதிகமாக இருப்பதே வழக்கமான காரணம், சற்றுக் குறையுங்கள். தீ பெரிதாக இருக்கும்போதும் காட்டம் நீங்காவிட்டால் எரிபொருளில் கிளிசரின் மிச்சமிருக்கலாம். கிளிசரின் அரைகுறையாக எரிந்தால் அக்ரோலின் உண்டாகும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது கெடுதல். முதல் பெட்டியில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய சரக்கை நிறுத்திவிட்டு, அறிகுறி 3இல் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

## அறிகுறி 6: நீராவி அழுத்தம் ஏறவில்லை

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பயோடீசலில் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம் வெப்பம் குறைவு. கொஞ்சம் கூடுதல் எண்ணெய் செலவாவது கோளாறு அல்ல. அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், புகைபோக்கிக்கு அடியில் இஞ்சினின் முன்பக்கம் உள்ள புகைப்பெட்டியின் கதவைச் சந்தேகியுங்கள். புளோயரைத் திறந்து வைத்து, எரியும் மெழுகுவத்தியைக் கதவின் விளிம்பு நெடுகக் கொண்டுபோங்கள். சுடர் உள்ளே இழுக்கப்படும் இடத்தில் காற்று புகுகிறது. கயிற்று அடைப்பை மாற்றினால் போதும்.

கதவு நன்றாக இருந்தால், புகை செல்லும் கொதிகலன் குழாய்களில் புகைக்கரி. பயோடீசலில் இது கனத்த எண்ணெயைவிடக் குறைவு என்றாலும், கரும்புகையோடு ஓடிய நாட்களுக்குக் கணக்கு இங்கே தீரும். குழாயைத் துலக்கியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் மிச்சமிருப்பது கொதிகலனுக்குள் படிந்த உப்புக் கசடு. தண்ணீரைச் சோதிப்பவரையும் கொதிகலன் ஆய்வாளரையும் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: கசிவு, வீங்கிய ஹோஸ், உரியும் பெயின்ட்

இயற்கை ரப்பரும் நைட்ரைல் ரப்பரும் பயோடீசலில் வீங்கி மிருதுவாகும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள்; பசைபோல் இருந்தால் அன்றே மாற்றுங்கள். ஓ-ரிங், கேஸ்கெட், ஹோஸின் உட்புறம் எல்லாவற்றுக்கும் விட்டான் (Viton) என்ற செயற்கை ரப்பர் நன்றாகத் தாங்குகிறது. ஒவ்வொன்றாகக் கசியக் காத்திருக்காமல் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுவது நல்லது.

டெண்டரின் பக்கவாட்டில் தங்க வரி தீட்டிய பெயின்டின் மேல் எண்ணெய் வழிந்தால், அப்போதே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். இரவுவரை விட்டால் பெயின்ட் குமிழ்விட்டு உரியும்.

துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். பயோடீசல் தோய்ந்த துணி காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறும். குவியலாக இருந்தால் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். மூடியுள்ள உலோகக் கூடையில் போட்டு, தினமும் மாலையில் அப்புறப்படுத்துங்கள்.

## அறிகுறி 8: உலை உறுமி அதிர்கிறது

டேம்பரைச் சற்றுத் திறங்கள். அதிர்வு நிற்காவிட்டால் தூவும் நீராவியைச் சற்றுக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. இரண்டும் பலிக்காவிட்டால் தீயை அணைத்துவிடுங்கள். தொடர்ந்த அதிர்வு செங்கல்லைத் தளர்த்தும். குழாய் முனைகளையும் விடாது.

## அறிகுறி 9: உலைக்குள் தண்ணீர் சொட்டுகிறது, அல்லது கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை

இதில் சோதிக்க ஒன்றுமில்லை. எண்ணெய் வால்வை மூடுங்கள், பயணிகளை இறக்குங்கள். மட்டக் கண்ணாடி காலியாக இருந்தால் கொதிகலனுக்குள் தண்ணீர் செலுத்தாதீர்கள்; காய்ந்த தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. டேம்பரை மூடி, உலை தானாக ஆறட்டும். பற்றவைக்கப் பத்து நிமிடம், சரியாக ஆற ஒரு முழு இரவு. குழாய் முனையை நீங்களே தட்டி இறுக்கப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கொதிகலனின் அழுத்தம் தாங்கும் பாகங்களைப் பழுதுபார்க்க, அதற்கான தகுதிச் சான்றாகிய "ஆர்" முத்திரை பெற்ற நிறுவனம் வர வேண்டும். ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மீண்டும் தீ வைக்கலாம். அவர்கள் வரும்போது அன்றைய எண்ணெய் ஜாடியையும், கடைசியாகத் தண்ணீர் மட்டம் பார்த்த நேரத்தையும் எழுதிவைத்துக் கொடுங்கள். அவர்கள் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் அவையே.